சூரியனுக்கு வெச்ச பொட்டு

எனக்கு இருபத்து நாலு வயசுதான் ஆவுது. அதுக்குள்ள வேலையில இருந்து நின்னாச்சு. கெணத்தாண்ட தண்ணி மொள்ளப் போனா, "இன்னாடி முனியம்மா, கெழவனுங்கதான் வேல ஓஞ்சி வூட்ல குந்திக்கினு பழங்கத பேசுவானுங்க, நீ எப்ப அந்த ஜமாவுல சேர்ந்த?"ன்னு கிண்டல் பண்றாங்க. நான் இன்னா பண்றது. நான் வேலைய வுடல, வேலதான் என்னை வுட்டுப் போச்சு. ரூமப் பூட்டிட்டாங்க. தொர சீமைக்குக் கப்பல் ஏறிட்டாரு. எங்க வூட்டுக்காரரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு.

சர்வே ஆபீசுல புதுசா சேர்ந்தவங்க ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. "அக்கா, அந்தப் பூட்டன ரூமுல இன்னாதான் பண்ணீங்க? ஒருத்தரு பூசன்றாரு. இன்னொருத்தரு, ஆகாசத்தப் பாத்து தங்கம் எங்க கீதுன்னு சொல்ற மிசினுன்றாரு." எழுதிக் குடுங்கன்னாங்க. நான் மிசன் ஸ்கூல்ல மூணாங்கிளாசு வரிக்கும்தான். பேசற மாதிரிதான் எழுத வரும். நடுவுல அழுக வந்தா நிறுத்திட்டு அப்பால எழுதுவேன், அதனால முன்ன பின்ன இருக்கும்.

ரூமுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஆபீசுக்குப் பின்னால மேட்டு மேல, தகரக் கூரை. கூரையில ஒரு பக்கம் தள்ளித் தொறக்கறாப்பல இருக்கும். உள்ள ஒரு துர்பீனு, தூரத்துல கீறத கிட்டக்கக் காட்டற கொழா. அதுல கண்ண வெச்சிப் பாக்கக் கூடாது, சூரியன் கண்ண அவிச்சிடும். கொழாய்க்குக் கீழ ஒரு பலகை. அதுல வெள்ளத் தாளக் குத்தி வெச்சா சூரியன் அது மேல வந்து வுழும். சோறு துன்ற தட்டு அளவுக்கு, பளிச்சுனு. சில நாளு அந்தச் சூரியன் மேல கறுப்பா புள்ளி இருக்கும், எள்ளு இறைச்சாப்பல. அந்தப் புள்ளிய, அது எங்க கீதோ அங்கயே பென்சில்ல வரஞ்சி எடுக்கணும். மேகம் இல்லாத நாளு பூரா, தெனம் காலையில, பாய்லர் பொக மேல வர்றதுக்குள்ள. அவ்ளோதான் வேல. பூசயும் இல்ல, தங்கமும் இல்ல.

எதுக்கு இதுன்னு தொரயக் கேட்டேன், சேர்ந்த புதுசுல. அவரு சர்வே தொர, சுரங்கத்த அளக்கறதுதான் அவரு வேல, இது அவரு சொந்த ஆசையில வெச்சது. அவரு தமிழு மொறத்துல கல்லு பொறுக்கறாப்பல ஒவ்வொண்ணா வரும். "புள்ளி சில வருசம் நெறைய வருது. சில வருசம் இல்ல. ஏன், யாருக்கும் தெரியாது. நாம செத்து ரொம்ப நாள் கழிச்சி ஒருத்தன் கண்டுபிடிப்பான். அவனுக்கு இந்தத் தாள் வேணும்." பொறக்காத ஒருத்தனுக்கு இப்பவே வேல செய்யறாரேன்னு எனக்கு சிரிப்பு வந்துச்சு. சிரிக்கல.

எங்கப்பா சுரங்கத்துல வேல. தொர பங்களாவுல பெருக்கப் போன எங்கம்மாவோட நானும் போயிக்கினு இருந்தேன். எழுத்து தெரியும்னு தெரிஞ்சி என்னை இந்த ரூமுக்கு இஸ்துக்கினாரு. என் வேல வட்டம் போடறது. காம்பச நட்டு, ஒரே அளவுல. ஒரு வாரத்துக்கு உண்டான தாளுல ஞாயித்துக்கெழமயே வட்டம் போட்டு, ஓரத்துல தேதியும் எழுதி அடுக்கி வெச்சிடுவேன். இத மனசுல வெச்சிக்கோங்க, கடைசியில வரும். அப்பால கொழாய அசைக்காம வுட்டா சூரியன் தாளு மேல மெதுவா ஒரு பக்கமா நழுவும். அது நழுவற பக்கம் மேற்கு. அங்க ஒரு கோடு. இந்தக் கோடு இல்லன்னா எது மேல எது கீழன்னு தெரியாம தாளு வீணாப் போயிடும்.

மில்லு பாறைய இடிக்கற சத்தம் உங்களுக்குத் தெரியும். அந்த இடி தரையில வந்து பலகையும் நடுங்கும், சூரியனும் நடுங்கும். பலகைக் காலுக்கு அடியில மணல் மூட்ட போட்டோம். அப்பவும் ஒரு துளி நடுக்கம் இருக்கத்தான் இருந்துச்சு. புள்ளி மூச்சு வுடறாப்பல இருக்கும்.

எங்க வூட்டுக்காரரு இந்த ரூமுக்கு வந்தது நான் சேர்ந்து நாலஞ்சி வருசத்துக்கு அப்பால. அதுக்கு முன்ன சுரங்கத்துல கீழ லெவல்ல, பாறை சரியாம மரம் முட்டுக் கட்டற வேல. மரம் வுழுந்து காலு நசுங்கிடுச்சு. ஆளுங்கள ஏத்தி எறக்கற கூண்டு, அந்தக் கேஜில ஏத்தி மேல கொண்டாந்தாங்க, அதோட சுரங்கம் முடிஞ்சிச்சு. கையி நல்ல கையி, நேரா கோடு இழுக்கும்னு யாரோ சொல்லி தொர கூப்ட்டாரு. அவரோட கூட்டாளிங்க வழியில நிறுத்தி, "இன்னா மச்சான், பாதாளத்துல இருந்து ஒரே தாவா ஆகாசத்துக்குத் தாவிட்ட? நடுவுல பூமி ஒண்ணு கீது, பாத்து"ன்னுவாங்க. அவரு, "பூமியில ஊனற காலத்தான் கீழயே வுட்டுட்டு வந்துட்டனே"ன்னுவாரு. அப்படித்தான் பேச்சு.

முதல் வாரமே ஒரு தப்பு பண்ணாரு. புள்ளிய எடம் மாத்தி வெச்சிட்டு, கட்டிக்கினு வந்த சோத்துல ஒரு பருக்கைய உருட்டித் தேச்சி அழிச்சிட்டு, சரியான எடத்துல போட்டுட்டாரு. தொர வந்தாரு. அவரு வழக்கம், எந்தத் தாளையும் மேசையில வெச்சிப் பாக்க மாட்டாரு. ஜன்னலாண்ட போயி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சி, முன்னால பாத்து, திருப்பி முதுகப் பாப்பாரு. பாத்துட்டு, "முருகேசா, இங்க என்ன இருந்தது?"ன்னாரு. இவரு ஒண்ணுமில்லீங்கன்னாரு. "இங்க பேப்பர் இளைச்சி இருக்கு. என்ன இருந்தது?" இவரு ஒத்துக்கினாரு. திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. பக்கத்துல எழுதச் சொன்னாரு, இங்க ஒரு புள்ளி போட்டேன், தப்பு, அழிச்சேன்னு. "இந்த ரூம்ல ரப்பர் இல்ல. சோறும் ரப்பர் இல்ல. சோறு சாப்பிட." எழுதி முடிக்கற வரிக்கும் பக்கத்துலயே நின்னாரு. அப்பால ஒரு வாழப்பழம் எடுத்து இவரு கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. மாரிகுப்பம் லைன் வூட்ல குடித்தனம். பொண்ணு பொறந்தா. அந்த சமயம் பாத்து தொர லீவுல சீமைக்குப் போனாரு, ரூம எங்க வூட்டுக்காரரு பொறுப்புல வுட்டுட்டு. சீமை ராணி செத்த வருசம் அது. அந்த வருசம் சூரியன் ஒண்ணுமே இல்லாம கெடந்துச்சு. காலையில தாள வெச்சா, வெறும் வெள்ள. மறுநாளும் வெள்ள. நான் போட்ட வட்டம், அவரு இழுத்த மேற்குக் கோடு, அவ்ளோதான்.

ஒரு நாளு பாத்தேன். வட்டத்துக்குள்ள, எடது பக்கம் கீழ, ஓரமா, தம்மாத்தூண்டு கறுப்பு.

"இன்னா இது? வெள்ளையா இல்ல இருந்துச்சு?"

"பொட்டு."

"இன்னா பொட்டு?"

"திருஷ்டிப் பொட்டுடி. கொழந்தைக்கு வெச்சிட்டு வந்தேன், குச்சி முனையில மை மிச்சம் இருந்துச்சு. இதப் பாரு, ஒரு மச்சம் மரு இல்லாம மொழுக்குனு கீது. உலகத்துல கீறவன் பூரா இத்தத்தான் பாக்கறான். கண்ணு படாதா?"

"தொர பாத்தா?"

"தொரைக்கு இன்னா தெரியும், கொழந்த குட்டியா கீது."

நானும் சிரிச்சேன். அதுக்கு அப்பால வெறும் வெள்ளையா இருக்கற நாளு பூரா அவரு பொட்டு வெச்சாரு. எங்க பொண்ணுக்குக் கன்னத்துல எந்தப் பக்கமோ சூரியனுக்கும் அந்தப் பக்கம். சோத்த வெச்சித் தேச்சதுக்கு அவ்ளோ வெக்கப்பட்ட மனுசன், இத ஒரு பொய்யின்னே நெனைக்கல. நானும் நெனைக்கல. கொழந்த கன்னத்துல வெக்கற பொட்டப் பாத்து மச்சம்னு யாராச்சும் ஏமாறுவாங்களா, சொல்லுங்க.

மழக்காலத்துல பிளேக்கு வந்துச்சு. அவருக்குக் காய்ச்சல் கண்டவொடனே அவரே எங்களத் தள்ளி வெச்சிட்டாரு. வூட்டுக்கு வெளிய சாக்கப் போட்டுப் படுத்துக்கினாரு. கொழந்தையத் தொடல. மறுநாளு மேகம் கொஞ்சம் வெலகிச்சுன்னு, எழுந்து நொண்டிக்கினு மேட்டுக்குப் போயி வரஞ்சிட்டு வந்தாரு. "போவாதீங்க"ன்னு கத்தனேன். "தாளு காலியாப் போயிடும்"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் ஊருக்கு வெளிய போட்டிருந்த கொட்டாய்க்கு இட்டுக்கினு போயிட்டாங்க. அப்பால நான் அவர உசுரோட பாக்கல. அந்த வாரம் முடியறதுக்குள்ள சேதி வந்துச்சு.

இதுக்கு மேல இத எழுத முடியல. வுட்டுடறேன்.

தொர திரும்பி வந்தாரு. என்கிட்ட அதிகமா பேசல. "முனியம்மா, நீ வரைவியா?"ன்னு ஒண்டி கேட்டாரு. வரைஞ்சேன். நான் பொட்டு வெக்கல, எனக்கு மனசு வரல. கொஞ்ச நாளுல தொரைக்கும் ஒடம்பு முடியாம, ஊரோட போவப் போறேன்னு சொல்லிட்டாரு. தாளெல்லாம் இன்னா ஆவறது? மலை மேல புதுசா சூரியனப் பாக்கறதுக்குன்னே ஒரு ஆபீசு கட்டி இருக்காங்களாம், அங்க குடுத்துடலாம்னு எழுதிப் போட்டாரு. அங்க இருந்து ஒரு அய்யரு வந்தாரு, தாள சரி பாத்து எடுத்துக்கினு போவ. கணக்குல கெட்டிக்காரரு, நல்லவருதான். ரெண்டு நாளு குந்திக்கினு தகரப் பெட்டியில இருந்து ஒவ்வொரு தாளா எடுத்துப் பாத்தாரு. பூச்சி அரிக்காம நாங்க நடுவுல போட்டு வெச்ச வேப்பெல சருகத் தட்டித் தட்டி எடுத்து வெச்சாரு. மூணாவது நாளு மூஞ்சி மாறிடுச்சு.

"ஏம்மா, போன வருஷம் பூரா சூரியன் சுத்தமா இருந்தது. எங்க மலையிலயும் அப்படித்தான். இங்க மட்டும் தெனம் ஒரு புள்ளி எப்படி வந்தது? நிஜப் புள்ளின்னா சூரியன் சுத்தறதோட சேர்ந்து தெனம் கொஞ்சம் நகரணும். இது ஒரே எடத்துல நிக்கறது."

நான் கீழ வுழுந்த சருகப் பொறுக்கக் குனிஞ்சேன்.

அவரு தொர பக்கம் திரும்பி இங்கிலீசுல சொன்னாரு. அப்பால எனக்கும் தமிழுல சொன்னாரு, மறைக்கல. "ஒண்ணு, கண்ணாடியில தூசு. இல்லன்னா மனுஷன் பாக்காமலே ஒக்காந்த எடத்துல போட்டிருக்கான். அப்படின்னா அவன் போட்ட மத்த வருஷத் தாளையும் நம்ப முடியாதும்மா. எல்லாத்தையும் கழிச்சிட வேண்டியதுதான்."

காய்ச்சலோட நொண்டிக்கினு மேடு ஏறன மனுசன், பாக்காம போட்டாராம். ஆனா பொட்டுன்னு சொன்னா? சூரியனுக்குப் பொட்டு வெச்ச பைத்தியக்காரன்னு மலை மேல போயி சொல்லிச் சிரிப்பாங்க. சொல்லலன்னா பொய்யன். ரெண்டுல எத அவருக்கு வாங்கித் தர்றதுன்னு எனக்குப் புரியல. தொர என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அவசரப்படுத்தல.

"அது பொட்டு சாமி"ன்னேன்.

"என்னது?"

"திருஷ்டிப் பொட்டு. சூரியன் வெறுமனா இருந்தா வெப்பாரு. கண்ணு படக் கூடாதுன்னு."

அய்யரு சிரிக்கப் போறாருன்னு நெனச்சேன். தாள எடுத்து அந்தப் பொட்டயே பாத்தாரு. "எங்க வீட்லயும் எடது கன்னத்துலதான் வைக்கறது"ன்னாரு, ரொம்ப மெதுவா. அப்பால தலைய ஆட்டிக்கினாரு. "ஆனா உன் வார்த்தைய மட்டும் வெச்சிண்டு நான் எழுத முடியாதும்மா. எது பொட்டு, எது நிஜம்? நாங்க பாக்காத நாள்ல ஒண்ணு ரெண்டு நிஜப் புள்ளியும் இருந்திருக்கலாமே."

தொர ஒரு தாள எடுத்துக்கினு ஜன்னலாண்ட போனாரு, எப்பவும் போல. தூக்கிப் புடிச்சாரு. முதுகத் திருப்பனாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "முனியம்மா, இது பென்சில் இல்ல. சுத்தி எண்ணெய் இருக்கு."

"கண்மை சாமி அது. வெளக்கெண்ணெயில கொழச்சது. நானே கருக்கிக் கூட்டனது, எங்க பொண்ணுக்கு"ன்னேன். பொட்டு வெச்ச எடத்துக்குப் பின்னால தாளு எண்ணெய குடிச்சி, சின்னதா ஒரு மஞ்ச வளையம் தெரியுது. பென்சில் புள்ளிக்குப் பின்னால ஒண்ணும் இல்ல. மூணு பேரும் ஜன்னலாண்ட நின்னு எல்லாத் தாளையும் எடுத்தோம். தொர தூக்கிப் புடிப்பாரு, நான் "எண்ணெ" இல்லன்னா "பென்சிலு"ன்னு சொல்லுவேன், அய்யரு ஒரு தடவ தானும் பாத்துட்டு எழுதுவாரு. சாப்பாட்டு நேரம் போச்சு. யாரும் சாப்பாட்டப் பத்திப் பேசல.

நடுவுல அய்யரு, "இத்தனையும் அழிச்சிட்டா சுத்தமா இருக்குமே, பாக்கறவாளுக்குக் குழப்பம் இருக்காதே"ன்னாரு. கெடுதலா சொல்லல. எனக்கு கையி தானா நெத்திக்குப் போச்சு. எங்க வூட்டுக்காரரு போன பத்தாம் நாளு என் நெத்தியில இருந்தத பொம்பளைங்க கூடி அழிச்சாங்க. அது ஊரு வழக்கம், நான் ஒண்ணும் சொல்லல. இது அவரு கையால வெச்சது. இதையும் நானே அழிக்கணுமா?

"இந்த ரூம்ல ரப்பர் இல்ல"ன்னாரு தொர.

அழிக்கல. ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்துல ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டேன். அய்யரு ஓரத்துல இங்கிலீசுல எழுதனாரு, இது சூரியனோட புள்ளி இல்ல, ஒரு வழக்கத்துக்காக மையில வெச்சதுன்னு. அதுக்குக் கீழ நான் தமிழுல "பொட்டு"ன்னு எழுதனேன்.

ஒரே ஒரு தாளு சிக்கிக்கிச்சு. அவரு வரஞ்ச கடைசித் தாளு. காய்ச்சலோட போயி வரஞ்சாரே, அது. பொட்டு வெக்கற அதே எடத்துல ஒரு புள்ளி. திருப்பிப் பாத்தா எண்ணெ இல்ல. பென்சிலு.

அய்யரு நிமிந்து குந்தனாரு. "அன்னிக்கு எங்க மலையில அடை மழை. ஒருத்தரும் பாக்கல. இது நிஜப் புள்ளியா இருந்தா, இந்தப் பக்கத்துல அதப் பாத்த ஒரே ஆளு உங்க வீட்டுக்காரர்தான். மொத மொதலா திரும்பி வந்த புள்ளி." என்னைப் பாத்தாரு. "நீதாம்மா சொல்லணும். நிஜம்னு சொன்னா நிஜம்னு எழுதிக்கறேன்."

சொல்லிடலாம்னு நாக்கு வரிக்கும் வந்துச்சு. ஊர்ல உலகத்துல யாரும் பாக்காதத அவரு பாத்தாருன்னு ஒரு பேரு. பாக்காம போட்டவன்னு சொன்ன அதே வாயி அத எழுதப் போவுது. ஆனா எனக்குத் தெரியுமே. அன்னிக்கு அவரு கொழந்தையத் தொடல. மை வெக்கல. அதனால குச்சியில மையும் இல்ல. சூரியன் வெறுமனா இருந்திருந்தா, மை இல்லாம பென்சிலாலயே பொட்டு வெச்சிருப்பாரு. வெக்காம வந்திருக்க மாட்டாரு. நிஜமாவே புள்ளி இருந்திருந்தா புள்ளிய வரஞ்சிருப்பாரு. ரெண்டும் அவரு செய்யறதுதான். ரெண்டும் அந்த எடத்துலதான்.

"தெரியல சாமி"ன்னேன். சொல்லிட்டு அழுதுட்டேன்.

அய்யரு, "அழாதேம்மா. சீமையிலயோ வேற எங்கயோ அன்னிக்கு வெய்யில் அடிச்சிருக்கும். எவனாவது வரஞ்சி வெச்சிருப்பான். என்னிக்காவது ஒருத்தன் ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாப்பான். அவன் சொல்லுவான்"ன்னாரு. "அது வரைக்கும் தெரியலன்னே இருக்கட்டும்." அப்படியே எழுதனாரு. எழுதிட்டு, "வரஞ்சவர் பேரு?"ன்னாரு. நான் வாயால சொல்ல மாட்டேன், அது வழக்கமில்ல. தொர சொல்ல வந்தாரு. நான் பென்சில வாங்கி நானே எழுதனேன். அவரு பேர நான் எழுதனது அதான் மொதல் தடவ. முருகேசன். கோணையாத்தான் வந்துச்சு.

பெட்டிய மூடப் போனோம். பெட்டி அடியில இன்னும் கொஞ்சம் தாளு. அய்யரு எடுத்துப் பாத்து, "இந்த நாள்லயெல்லாம் சூரியன் சுத்தம்"னு சொல்லிக்கினே எழுதப் போனாரு.

"இருங்க சாமி."

அது நான் ஞாயித்துக்கெழம போட்டு வெச்ச வட்டம். அவரு கொட்டாய்ல கெடந்த நாளுங்க. வட்டம் கீது, என் கையெழுத்துல தேதி கீது, உள்ள வெறும் வெள்ள. பாக்கறவங்க சூரியன் அன்னிக்கு மச்சம் மரு இல்லாம மொழுக்குனு இருந்துச்சுன்னுதான் நெனப்பாங்க. மேற்குக் கோடு மட்டும் இல்ல. அத யாரு கவனிக்கப் போறாங்க. அந்த நாளுல வெய்யிலு நல்லாத்தான் அடிச்சிச்சு, எனக்கு ஞாபகம் இருக்குது. கொட்டாய்ப் பக்கம் போவ வுடாம நிறுத்தி வெச்ச எடத்துல, மண்டைய சுட்டுச்சு.

அய்யரு கையில இருந்து தாள வாங்கிக்கினேன். ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழயும் எழுதனேன்.

சூரியன் இருந்துச்சு. அன்னிக்குப் பாக்க ஆளு இல்ல.